சனிக்கிழமை இலை

வெள்ளி ராத்திரி மான்குர்டு தண்டவாளத்து ஓரம்
ரூயி இலை பறிக்கப் போவேன்.
நம்ம எருக்குதான்.
மாருதிக்கு இருபத்தோரு இலை மாலை,
எனக்கு மாலைக்கு முப்பது ரூபாய்.

பறித்ததும் கோர்க்கக் கூடாது.
காம்பு கீழே பார்க்க வாளியில் நிறுத்தினால்
விடியுமுன் பால் வடிந்துவிடும்.
பொறுக்காமல் கோர்த்து, மறந்து கண்ணைத் தேய்த்தால்
சாயங்காலம் வரை வானத்தில் இரண்டு சூரியன்.

இது என் கண்டுபிடிப்பு என்றிருந்தேன்.

ஷ்ராவண் மாதம், மழை விட்ட ஒரு மணி நேரத்தில்
டார்ச் வெளிச்சத்தில் ஒரு புழு.
கறுப்பு, வெள்ளை, மஞ்சள், வளையம் வளையமாய்.
முதுகில் மூன்று ஜோடிக் கொம்பு,
கொம்படியில் ரத்தச் சிவப்பு.
நரம்பை ஒரு கடி கடித்துவிட்டுச்
சும்மா இருந்தது.
பால் சொட்டியது. சொட்டி நின்றது.
அதற்கப்புறம்தான் இலையின் ஓரத்தில் வாய் வைத்தது.
போடி, உனக்கு வாளிகூட வேண்டாம்.

ஓட்டை விழுந்த இலையை மாருதி ஏற்பாரோ என்னவோ,
வாங்க வருகிறவர்கள் ஏற்க மாட்டார்கள்.
அந்தச் செடியை விட்டுவிட்டு அடுத்த செடிக்குப் போனேன்.
விட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ரிஃபைனரியில் வேலை பார்க்கும் கார்கானிஸ்
மாலையைக் கையில் வாங்கி நிமிர்த்திப் பார்த்து,
"செல்வக்கனி பாய், இதில் என்னவோ தொங்குது" என்றார்.
பதினாலாவது இலையின் அடியில்
பச்சையாய் ஒரு குண்டுமணி ஜிமிக்கி,
சுற்றிலும் பொன்புள்ளி.
தட்டான் கடையில் பார்த்திருந்தால் விலை கேட்டிருப்பேன்.

கைபேசியில் தேடினார்.
வெந்தய வரியன் என்று தமிழில் எழுத்துக் கூட்டி நான் படித்தேன்.
ஆப்பிரிக்கா முழுக்க இருக்கிறதாம்,
அரபுநாடு, இலங்கை, ஆஸ்திரேலியா வரைக்கும்.
நான் வள்ளியூரிலிருந்து குர்லா டெர்மினஸ் வரை.
"எருக்கு இருக்கிற இடமெல்லாம் அதுக்கு ஊர்" என்றார்.
அப்படிப் பார்த்தால் எனக்கும்தான்.

அவருக்கு வேறு மாலை கொடுத்தேன்.
இதைத் தராசுக் கொக்கியில் மாட்டினேன்.
ஏழு நாள் அங்கேயே தொங்கியது.
மாலையில் மற்ற இருபது இலையும் காய்ந்து சுருண்டன.
பக்கத்துத் தேங்காய்க்கடை யூனுஸ் தினமும் கேட்டான்,
"குஞ்சு பொரிச்சாச்சா?"

நடுவில் ஒரு மத்தியானம்
சாக்கடையோரப் பருப்புக்கீரையில்
இதே வெந்தய நிறம், இதே கறுப்புக் கரை,
சிறகு முனையில் இதே வெள்ளைப் பட்டை,
ஒன்று முட்டை வைத்துக்கொண்டிருந்தது.
எங்கேயோ இடித்தது. எருக்கை அது சீந்தவேயில்லை.
அது வேற ஜாதி என்றார் கார்கானிஸ்.
கசப்பைத் தின்று வளர்ந்தவளைக்
காக்காய் ஒரு தரம் கொத்தித் துப்பினால்
மறு தரம் தொடாது.
அந்தத் துப்பலின் தயவில்
கசக்காத இவள் கசப்பின் சேலை கட்டித் திரிகிறாள்.
புருஷன்காரன் கறுப்பில் வெள்ளைப் பொட்டு வைத்தவனாம்.
அவனுக்கு எந்தச் சேலையும் கிடைக்கவில்லை பாவம்.

எட்டாம் நாள் சனி.
பச்சை போய்க் கூடு கண்ணாடியாகி,
உள்ளே மடித்து வைத்த சிறகு தெரிந்தது.
ஆறே முக்காலுக்கு வரிசை நீண்டுவிட்டது.
ஒருவர் எள், ஒருவர் எண்ணெய், எல்லாருக்கும் அவசரம்.
நான் சில்லறை எண்ணிக்கொண்டிருக்கையில்
கிழித்துக்கொண்டு இறங்கியது,
நனைந்த காகிதப்பொட்டலம் மாதிரி.
காலால் கூட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கியது.
தராசுத் தட்டில் செம்மண் நிறத்தில் இரண்டு சொட்டு.

"மாவ்ஷி, தட்டைத் துடைத்துவிட்டு நிறுங்கள்"
என்றாள் முன்னால் நின்ற பெண்.
இன்றைக்குத் தராசு ஓடாது என்றேன்.
எள்ளைக் கையால் அள்ளிக் கொடுத்தேன்,
கூடத்தான் போயிருக்கும்.

ஒன்பது மணி வெயிலில் அது போனது.
வேகமெல்லாம் இல்லை.
யாருக்கும் பயப்படாத நடை
பறக்கிறபோது எப்படியிருக்குமோ அப்படி,
ஆட்டோக் கூரைகளுக்கு மேல் தாழ்ந்து தாழ்ந்து,
தண்டவாளம் இருக்கும் திசைக்கு.

அடுத்த வெள்ளி,
பறிக்குமுன் ஒவ்வோர் இலையையும் திருப்பிப் பார்த்தேன்.
ரவை மணிபோல் ஒற்றை வெள்ளை முட்டை,
அடுத்த செடியில் இன்னொன்று, அடுத்ததில் இன்னொன்று.
நாற்பது மாலைக்கு வந்தவள்
இருபத்தாறுக்குத்தான் பறித்தேன்.

நஷ்டம் முப்பது பெருக்கல் பதினாலு.
விரலெல்லாம் பால்.
கணக்குப் போடக் கண்ணைக் கசக்காமல்
நின்றிருந்தேன்.